கண்ணாடி முதலில், மரம் கடைசியில்

கண்ணாடி முதலில். எப்போதும் அப்படித்தான். எண்ணெய் படாத நுரையில் கண்ணாடி, அடுத்து பீங்கான், கடைசியில் மரம். தொட்டியின் அடியில் பழைய துவாலையை நாலாக மடித்து விரித்தாயிற்று. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று இடது கையை விட்டுப் பார்த்தேன். வலது கையை விடவில்லை. அது சொல்வதை இப்போது நான் நம்புவதில்லை. டம்ளர் நாலு, தண்ணீர் ஜக்கு ஒன்று, பழக்கலவை வைத்த சின்னக் கிண்ணம் நாலு, ஆக கண்ணாடி ஒன்பது. பெரிய தட்டு நாலு, மீன் முள் போட வைத்த சின்னத் தட்டு நாலு, சோறு வைத்த நீளத் தட்டு ஒன்று, குழம்புப் பாத்திரம், அதன் மூடியைத் தனியாக எண்ணினால் இரண்டு, ஊறுகாய்க் கிண்ணம் ஒன்று, ஆக பீங்கான் பன்னிரண்டு. மரம் நாலு: கரண்டி இரண்டு, அப்பளம் வைத்த கிண்ணம், எல்லாவற்றையும் தூக்கி வந்த தட்டம். மொத்தம் இருபத்தைந்து. இருபத்தைந்தும் உடையாமல் முடிந்தால் நாளைக் காலை குழந்தைகள் வார்டுக்கு நானே ஊசியோடு போவேன். ஒன்று உடைந்தாலும் போகமாட்டேன். காலையில் கோயிலில் குருவானவர் பிரசங்கத்தின் இரண்டாவது குறிப்பில் இருந்தபோது எடுத்த தீர்மானம் இது. முதல் குறிப்பு என்ன என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பரீட்சை என்று வந்துவிட்டால் ஒழுங்காக வைக்க வேண்டும். அதனால்தான் மைனி வருகிறார்கள் என்றதும் அலமாரியின் மேல் தட்டிலிருந்து நல்ல செட்டை இறக்கினேன். எவர்சில்வரில் பரிமாறியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கப் போவதில்லை. மகன் கல்யாணத்துக்குச் சொல்ல வந்தவர்கள் மீனைப் பார்ப்பார்களா, தட்டைப் பார்ப்பார்களா? எவர்சில்வர் கீழே விழுந்தால் சத்தம் போட்டுவிட்டு அப்படியே கிடக்கும். எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதில் என்ன பரீட்சை.

முதல் டம்ளர். உள்ளே ஸ்பாஞ்சு, வெளியே ஸ்பாஞ்சு, விளிம்பில் ஒரு சுற்று. கண்ணாடியை உள்ளே கைவிட்டுத் திருகக்கூடாது, அப்படித் திருகித்தான் பல பேர் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். ஸ்பாஞ்சை மரக்குச்சியின் நுனியில் கட்டி வைத்திருக்கிறேன். “தள்ளு, நான் கழுவுதேன்” என்று மேபல் மைனி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றார். என் வீட்டுக்காரரின் அக்கா; நான் அண்ணன் என்று கூப்பிடும் தன் வீட்டுக்காரரோடு தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கிறார். “வேண்டாம் மைனி, நீங்க போய்க் கொஞ்சம் சாயுங்க” என்றேன். “ஏன், நான் கழுவுனா உன் பீங்கான் அழுவுமா?” “நீங்க விருந்தாளி.” “முப்பது வருஷமா நான் உனக்கு விருந்தாளியாட்டி? சரி, நீயே கழுவு. இடுப்பு பிடிச்சா என் தம்பிதான் தைலம் தேய்க்கணும், அவனுக்கும் ஒரு வேலை வேணும்லா.” கூடத்திலிருந்து என் வீட்டுக்காரர் எட்வின், “அக்கா, உன் வாய்க்குத் தைலம் இருக்கான்னு பாரு” என்றார். மைனி சிரித்துக்கொண்டே போய்விட்டார். நல்லது. பரீட்சை அறையில் வேற்று ஆள் கூடாது. இரண்டாவது டம்ளர். டம்ளரைப் பிடித்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரிகிறது, ஏனென்றால் பிடித்திருப்பதைப் பார்க்கிறேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். இந்த மூன்றிலும் பஞ்சு சுற்றி வைத்த மாதிரி இருக்கிறது நாலு மாதமாக. மோதிர விரலும் சுண்டு விரலும் சரியாக இருக்கின்றன, அவை எந்த வேலைக்கும் உதவாத விரல்கள். முதலில் ஜாக்கெட் ஊக்கு. ஒரு நாள் காலை ஊக்கு மாட்டும்போது விரலுக்கு அது ஊக்கா துணியா என்று தெரியவில்லை. தூங்கின வாக்கில் மரத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன். கையை உதறினால் வந்தது. அப்புறம் உதற உதற வந்தது. இப்போது உதறினாலும் வருவதில்லை.

சர்க்கரையாக இருக்குமோ என்று ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, மற்றவர்கள் லேபுக்கு வருவதற்கு முன்னால், என் இடது கையில் நானே ரத்தம் எடுத்து, குழாயில் ‘பொன்னுத்தாய், 54’ என்று பெயர் எழுதி மெஷினில் வைத்தேன். பொன்னுத்தாய்க்குச் சர்க்கரை இல்லை. தைராய்டு இல்லை. வைட்டமின் குறையவில்லை. பொன்னுத்தாய் நல்ல ஆரோக்கியமான பெண்பிள்ளை. இருபத்தொன்பது வருடமாக மற்றவர்களின் பெயரைக் குழாயில் தப்பில்லாமல் எழுதியவள், முதல் தடவையாகப் பொய்ப்பெயர் எழுதினேன். அது கூடப் பெரிய விஷயமில்லை. அந்தப் பெயரை எழுதும்போது பேனாவை எவ்வளவு அழுத்துகிறேன் என்று தெரியாமல் லேபிள் கிழிந்தது, இரண்டாவது லேபிளில் எழுதினேன். மணிக்கட்டுக்குள் ஏதோ நெருக்குகிறது என்று எனக்கே தெரியும். மூன்று விரல் மட்டும் மரத்தால் அதுதான். டாக்டரிடம் காட்டினால் கட்டுப் போடுவார், அல்லது சின்னதாகக் கீறுவார். ஆனால் எந்த டாக்டரிடம் காட்டுவது? ஊரில் இருக்கிற எல்லோருக்கும் என்னைத் தெரியும். காலையில் காட்டினால் மத்தியானம் ஆஸ்பத்திரி கேன்டீனில் சொல்வார்கள், சாராளுக்கு விரல் போச்சாம் என்று. மூன்றாவது டம்ளர், நாலாவது டம்ளர். கவிழ்த்து வைத்தேன். விளிம்பு துணியில் படவேண்டும், எவர்சில்வர் தட்டில் பட்டால் பொடிசாகச் சில் விழும். சில் விழுந்தது கண்ணுக்குத் தெரியாது. விரலால் ஒரு சுற்று சுற்றினால் தெரியும். சுற்றினேன். ஒன்றும் தெரியவில்லை. சில் இல்லாததால் தெரியவில்லையா? ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தேன். சில் இல்லை. சரி.

ஜக்கு கனமாக இருக்கிறது. கனமான பொருள் நல்லது, கனம் தோளுக்குத் தெரிகிறது. பயமெல்லாம் லேசான பொருளில்தான். பழக்கலவைக் கிண்ணம் நாலும் ஒன்றுக்குள் ஒன்று போய் இறுகிக்கொண்டன. பிடித்து இழுத்தால் உடையும். மேல் கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, கீழ்க் கிண்ணத்தை வெந்நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் தானாக விட்டுக்கொடுக்கும். காத்திருக்க வேண்டும். குழந்தையின் கையும் அப்படித்தான். பயந்த குழந்தையின் கையில் நரம்பு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். ரப்பர் கையுறையில் வெந்நீர் ஊற்றி முடிச்சுப் போட்டு அந்தக் கையில் இரண்டு நிமிடம் வைத்தால் மெதுவாக எழும். எழுந்தது கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகளின் கை கொழுகொழுவென்று இருக்கும், நீலக்கோடு ஒன்றும் இருக்காது. ஆள்காட்டி விரல் நுனியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டால் அடியில் ஒரு மெத்தென்ற நூல் அசையும். அமுக்கினால் போகும், விட்டால் வரும். எலும்பை ஒட்டிய தசைநார் அமுக்கினாலும் போகாது. அந்த வித்தியாசம்தான் எங்கள் தொழில். கையுறை போட்டால் அது தெரியாது என்று வலது கையுறையில் ஆள்காட்டி விரல் நுனியை மட்டும் கிள்ளி எறிந்துவிடுவேன். விதிப்படி தப்பு. சூப்பிரண்டு ஒரு தடவை பார்த்துவிட்டு, “என்னம்மா இது, கையுறைக்கு ஜன்னல் வச்சிருக்கீங்க” என்றார். பார்க்காத மாதிரி போனார், ஏனென்றால் அவர் பேத்திக்கு ரத்தம் எடுத்ததும் அந்த ஜன்னல் வழியாகத்தான். கிண்ணங்கள் விட்டுக்கொடுத்தன. நாலையும் தனித்தனியாகக் கழுவி வைத்தேன். ஒன்பது முடிந்தது. ஒன்றும் உடையவில்லை. நாளைக்குத் திங்கட்கிழமை. தன்ஷிகா வருவாள்.

நினைக்கக்கூடாது என்று வைத்திருந்தேன், வந்துவிட்டது. நாலு வயது. பிறந்ததிலிருந்தே உடம்பில் ரத்தம் ஊறாத நோய், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வேறொருவர் ரத்தத்தை ஏற்றவேண்டும், ஏற்றுவதற்கு முன்னால் அவள் ரத்தம் கொஞ்சம் எடுத்துப் பொருத்தம் பார்க்கவேண்டும். எட்டு மாதக் கைக்குழந்தையிலிருந்து நான்தான் எடுக்கிறேன். கொசு கடிக்கும், அவ்வளவுதான் என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன், அதிலிருந்து வார்டில் என் பெயர் கொசு அத்தை. அவள் அம்மா பேச்சி பீடி சுற்றுகிறவள், மூன்று வாரத்துக்கு ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வருவாள். “அக்கா இருந்தா எனக்குக் கவலையே இல்ல, ஒரே கடி” என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் பெருமையாகச் சொல்வாள். போன தடவை மூன்று. முதல் குத்தில் வரவில்லை. சரி, பிள்ளை அசைந்துவிட்டது என்றேன். பிள்ளை அசையவில்லை. இரண்டாவது குத்தில் வரவில்லை. மூன்றாவதில் வந்தது, அதுவும் விரல் சொல்லி வரவில்லை, மூன்று வருடப் பழக்கத்தில் இந்த இடத்தில்தான் இருக்கும் என்று குத்தி வந்தது. பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால் நான் இந்த மூன்று வாரமும் நிம்மதியாக இருந்திருப்பேன். என் முகத்தைப் பார்த்தாள். “இன்னைக்கு மூணு கொசுவா அத்தை?” என்று கேட்டாள். பேச்சி, “பரவால்லக்கா, உங்களுக்கும் வயசாகுதுல்லா” என்றாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள்.

பீங்கான். தண்ணீரை மாற்ற வேண்டும், மீன் எண்ணெய் பட்ட தட்டு வருகிறது. தட்டில் இருக்கும் குழம்பைக் காகிதத்தால் வழித்துவிட்டுத்தான் தொட்டிக்குள் விடவேண்டும். மஞ்சள் கறை உடனே போகவில்லை என்று பதறக்கூடாது. கழுவி வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தால் தானாக வெளுத்துவிடும். டீக்கறைக்குச் சோடா உப்பைக் குழைத்துப் பூசினால் போதும். கம்பி நார் மட்டும் கிட்டே வரக்கூடாது. மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற முதல் வாரத்தில் எட்வின், எனக்கு உதவுகிறேன் என்று நினைத்து நாலு தட்டைக் கம்பி நாரால் தேய்த்துவிட்டார். பென்சிலால் கிறுக்கின மாதிரி கறுப்புக் கோடு. “அழுக்குப் போச்சுல்ல” என்றார். “அழுக்கு போகல, கம்பி ஒட்டியிருக்கு” என்றேன். அதையும் சோடா உப்பு போட்டு நாலு நாள் தேய்த்தேன். முதல் தட்டு, இரண்டாவது தட்டு. வலது கையால் பிடித்து இடது கையால் தேய்த்தால் நழுவுமா, இடது கையால் பிடித்து வலது கையால் தேய்த்தால் நழுவுமா? இரண்டாவதுதான் நல்லது. நான் இடது கைக்காரியாக மாறிக்கொண்டிருக்கிறேன். இடது கையால் நரம்பு தேடினால் என்ன? இரண்டு வாரமாக முயற்சி செய்கிறேன், பெரியவர்களிடம். இடது விரலுக்கு உணர்ச்சி இருக்கிறது, ஆனால் அது படிக்காத விரல். மெத்தென்று இருப்பதை எல்லாம் நரம்பு என்கிறது. பெரியவர்கள் கையில் பரவாயில்லை, நீலமாகத் தெரியும், பார்த்துக் குத்திவிடலாம். பீடி சுற்றுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் கையில் கயிறு மாதிரி நிற்கும். மூன்று வாரமாக ஒரு குறையும் இல்லாமல் தினம் அறுபது பேருக்கு எடுத்திருக்கிறேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. பரக்கத் நிஷா மட்டும் ஒரு நாள் பார்த்த மாதிரி இருந்தது.

பரக்கத் எங்கள் லேபில் எனக்கு அடுத்தவள். பதினான்கு வருடம். மேலப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவாள், வாய் பேசாது, வேலை பேசும். குழந்தைகள் வார்டுக்குத் தன்னையும் அனுப்பவேண்டும் என்று ஆறு வருடத்துக்கு முன்னால் சூப்பிரண்டிடம் கேட்டாள். அவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டார். நான் அவள் இருக்கும்போதே, “அவளுக்கு விரல் போதாது சார்” என்றேன். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அன்றைக்கு அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அந்த வயதில் எனக்கும் விரல் போதாமல்தான் இருந்தது. வார்டை விட்டுக்கொடுக்க மனமில்லை, அவ்வளவுதான். மற்ற இடத்தில் நான் லேப் டெக்னீசியன். அந்த வார்டில்தான் கொசு அத்தை. எதற்கு இப்போது இந்தக் கதை. நாலு பெரிய தட்டும் முடிந்தது. சின்னத் தட்டு நாலும் முடிந்தது. தட்டுகளுக்கு நடுவில் செய்தித்தாள் ஒரு தாள் வைத்து அடுக்கவேண்டும். தட்டின் அடிவட்டம் சொரசொரப்பாக இருக்கும், கீழ்த் தட்டின் பளபளப்பைக் கீறிவிடும். எட்வின் தண்ணீர் குடிக்க வந்தார். “எத்தனை தாண்டியாச்சு?” “பதினேழு.” “எண்ணிக்கிட்டா கழுவுத?” “எண்ணாம என்ன செய்ய. மீதியை உடைச்சது யாருன்னு உங்க அக்கா கேப்பாங்கள்லா.” “அவ கேக்கமாட்டா. ஒண்ணைத் தூக்கிக்கிட்டுப் போயிரட்டுமான்னு வேணும்னா கேப்பா.” டம்ளரை எடுக்க அவர் கை நீட்டினார். அவர் உடைத்தால் கணக்கில் சேருமா? சேராது. சேராதா? அவர் எவர்சில்வர் செம்பில் மோந்து குடித்துவிட்டுப் போனார். சோற்றுத் தட்டு. குழம்புப் பாத்திரம். மூடியின் குமிழைப் பிடித்துத் தூக்கவேண்டும், குமிழ் சின்னது, சோப்புப் பட்டது, மூன்று விரலால்தான் பிடிக்க முடியும். மூன்று விரலும் அதைப் பிடித்திருப்பதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே தூக்கினேன். பார்த்துக்கொண்டே வைத்தேன். ஊறுகாய்க் கிண்ணம். இருபத்தொன்று. வியர்த்திருந்தது.

மரத்துக்கு இந்த அவசரம் தேவையில்லை. மரத்தை ஊறப்போடக்கூடாது, ஊறினால் குடித்துவிட்டுப் பிளந்துகொள்ளும். சோப்புத் துணியால் துடைத்து, ஓடுகிற தண்ணீரில் ஒரு தரம் காட்டி, உடனே ஒற்றி எடுத்துவிடவேண்டும். மீன் வாடை பிடித்த கரண்டிக்கு எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுத் தேய்த்தால் போதும். வெயிலில் வைக்கக்கூடாது, படுக்கவும் போடக்கூடாது, நிழலில் நிமிர்த்தி வைக்கவேண்டும். நன்றாகக் காய்ந்தபின் மாதம் ஒரு தடவை துணியில் நாலு சொட்டு எண்ணெய் தொட்டுத் துடைக்கலாம், அதற்கு மேல் ஊற்றினால் சிக்கு வாடை அடிக்கும். கிண்ணமும் தட்டமும் அம்பாசமுத்திரத்தில் வாங்கியவை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று. மரம் விழுந்தாலும் உடையாது, அதனால் பரீட்சை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். இருபத்துநாலு. நான் ஜெயித்துவிட்டேன். நாளைக்குப் போகலாம். இருபத்தைந்து. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். அதற்கு முன்னால் மைனி வந்துவிட்டார். “டீ போடுதியா, நான் போடட்டா? நாலு மணிக்கு பஸ்.” “போடுதேன் மைனி.” வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்தார். “ஏட்டி, ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். நீ முன்னாடி எல்லாம் ஜன்னலைப் பாத்துக்கிட்டு, ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் சொல்லிக்கிட்டு, கை பாட்டுக்குக் கழுவிக்கிட்டு இருக்கும். இன்னைக்கு ரெண்டு தடவை எட்டிப் பாத்தேன். தட்டை அப்படி மொறைச்சுப் பாத்துக்கிட்டு நிக்க. தட்டு உன்கிட்ட என்ன தப்புச் செஞ்சுது?” “கண்ணு மங்குது மைனி, கண்ணாடி மாத்தணும்” என்றேன். “மாத்து, மாத்து. எனக்கு மாத்தினப்புறம்தான் உங்க அண்ணன் எவ்வளவு அவலட்சணம்னு தெரிஞ்சுது.” போய்விட்டார்.

பால் அடுப்பில். டீக் கோப்பை நாலு எடுக்கவேண்டும். மைனி சொன்னது சரி. இருபத்தைந்தையும் நான் கண்ணால் கழுவியிருக்கிறேன். ஒன்றைக்கூட விரல் கழுவவில்லை. தட்டு ஒளிந்துகொள்ளாது. டம்ளர் தோலுக்கு அடியில் போகாது. எல்லாம் வெளிச்சத்தில், என் முன்னால், அசையாமல் இருந்தன, நான் பார்த்துப் பார்த்துப் பிடித்தேன், உடையவில்லை. இதில் தன்ஷிகாவின் கையைப் பற்றி எனக்கு என்ன தெரிந்துவிட்டது? பரீட்சையை நானே வைத்து, நானே கேள்வி எழுதி, பதில் தெரிந்த கேள்வியாகப் பார்த்து எழுதியிருக்கிறேன். சரி, ஒழுங்கான கேள்வி ஒன்று இருக்கிறது. அலமாரியில் என் கோப்பை ஒன்று, தினம் நான் குடிப்பது, பிடிக்கு நேர் எதிர்ப்பக்கம் விளிம்பிலிருந்து கீழே ஒரு மயிரிழை விரிசல். விருந்தாளிக்குக் கொடுக்கமாட்டேன், எறியவும் மனம் வராது. போன வருடம் அதைக் கண்டுபிடித்ததே விரல்தான், கண்ணில்லை. கறை ஏறினபிறகுதான் கோடு கண்ணுக்குத் தெரிந்தது. கோப்பையை எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். எந்தப் பக்கம் பிடி என்று தெரியக்கூடாது என்று இரண்டு கையாலும் சுற்றினேன். ஆள்காட்டி விரலை விளிம்பில் வைத்து மெதுவாகக் கொண்டுபோனேன். வழவழ என்றும் இல்லை, சொரசொர என்றும் இல்லை. ஒன்றும் இல்லை. இருட்டில் நடக்கிற மாதிரிகூட இல்லை. இருட்டில் கால் தரையில் படும். ஒரு சுற்று வந்திருக்கவேண்டும் என்று நினைத்தேன். இங்கே இருக்குமோ என்று ஓரிடத்தில் நிறுத்தினேன். இல்லை, இங்கே இல்லை என்று தீர்மானித்தேன். கண்ணைத் திறந்தேன். விரல் விரிசலின் மேல் இருந்தது. கோடு நகத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம் தெரிந்தது. பால் பொங்கிவந்தது. அடுப்பை அணைத்தேன். பயம் வரும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்த இடத்தில் பயம் இல்லை. தலைவலி விட்ட மாதிரி இருந்தது. டீத்தூள் போட்டேன், சர்க்கரை போட்டேன், நாலு கோப்பையில் ஊற்றி இடது கையால் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். மைனி கல்யாணப் பத்திரிகையில் மஞ்சள் தடவாமல் வந்துவிட்டதைப் பற்றி ஏதோ சொன்னார், எட்வின் கிண்டல் செய்தார், நான் சிரித்தேன். அவர்களை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்து போனை எடுத்தேன்.

நாலாவது மணி அடித்ததும் பரக்கத் எடுத்தாள். “சொல்லுங்கக்கா.” ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு நாளும் அவளைக் கூப்பிட்டதில்லை. பின்னால் யாரோ குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற சத்தம். “பரக்கத், நாளைக்குக் குழந்தைங்க வார்டுக்கு நீ போ.” “நீங்க லீவாக்கா?” லீவு என்று சொல்லிவிடலாம். ஒரு சொல். அவளும் நம்புவாள், மூன்று வாரம் கழித்து அடுத்த தன்ஷிகா திங்கட்கிழமைக்கு வேறொரு சொல் கண்டுபிடிக்கலாம். “லீவு இல்ல. எனக்கு வலது கையில மூணு விரல்ல உணர்ச்சி இல்ல.” குழந்தைக் கணக்கு நின்றது; அவள் வேறு அறைக்குப் போயிருக்கவேண்டும். “எத்தனை நாளா?” “நாலு மாசம்.” “அப்ப அன்னைக்கு அந்தப் பிள்ளைக்கு மூணு குத்து…” “ஆமா.” திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். “அவளுக்கு நரம்பு இடது புறங்கையில, மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவுல இருக்கு” என்றேன். “முழங்கை மடிப்புல தேடாத, அங்க கிடைக்காது.” “தெரியும்க்கா. பாத்திருக்கேன்.” எப்போது பார்த்தாள்? ஆறு வருடமாக வார்டின் கதவுக்கு வெளியில் நின்று பார்த்திருக்கவேண்டும். “அக்கா, நாளைக்கு நான் போறேன். ஆனா இது வாயால சொன்னா ஆகாது. சூப்பிரண்டுக்கு எழுதிக் கொடுக்கணும், டாக்டர்கிட்டயும் காட்டணும்.” “காலைல எழுதித் தர்றேன்.” “இப்பவே எழுதுங்க. காலைல மனசு மாறிரும்.” “மாறாது.” “எனக்கா இருந்தா மாறும்க்கா” என்றாள்.

சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை வைத்து எழுதினேன். எனக்கு நாலு மாதமாக வலது கை விரல்களில் உணர்ச்சி குறைந்திருக்கிறது. இதை மறைத்துப் பணி செய்துவந்தேன். மூன்று வாரத்துக்கு முன்பு தன்ஷிகா என்ற குழந்தைக்கு மூன்று முறை ஊசி குத்த நேர்ந்தது இதனால்தான். குழந்தை அசைந்ததால் அல்ல. சிகிச்சை முடிந்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை யாருக்கும் ரத்தம் எடுக்கும் பணியிலிருந்து என்னை விடுவிக்கவேண்டும். அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போடும்போது பேனாவைப் பார்த்துக்கொண்டே போட்டேன். அப்படியும் தாள் ஓரிடத்தில் கிழிந்தது. எட்வின் எதிரே வந்து உட்கார்ந்தார். “யாருக்கு லெட்டர்?” தாளை அவர் பக்கம் திருப்பித் தள்ளினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடியும் வாசித்தார். என் கையைப் பார்ப்பார், எடுத்துப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்துக் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். அவர் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தேதி போடலியே” என்றார்.

போட்டேன்.